தும்பாவா, தும்பையா? ஒரு ரொக்கெட் ஏவுதளத்தின் பெயர்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், எங்கள் லயத்து வாசலில் இருந்துகொண்டு இந்திய விண்வெளித் துறை பற்றிய செய்தியொன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். எழுதியதை வாய்விட்டு வாசித்துப் பார்ப்பது என் பழக்கம். "தும்பாவிலிருந்து ஏவப்பட்ட முதல் ரொக்கெட்" என்று வாசித்தபோது அப்பாயி குறுக்கிட்டார்.

"தும்பையா? நம்ம மலையில முளைக்குமே, அதா?"

இல்லை, அது கேரளாவில் ஒரு ஊர் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். இரவு அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அப்பாயி சொன்னதே சரி.

திருவனந்தபுரத்துக்கு அருகே அரபிக்கடலோரம் இருக்கிறது அந்த ஊர். மலையாளத்தில் அதன் பெயர் 'தும்ப'. அந்தச் சொல்லுக்குப் பொருள் தும்பைச் செடி. ஓணத்துக்குப் பூக்கோலம் போடும்போது அவர்கள் தேடும் அதே சின்ன வெள்ளைப் பூ. தமிழில் 'ஐ' என்று முடியும் பல சொற்கள் மலையாளத்தில் 'அ' என்று முடியும்: மலை அங்கே மல, தலை தல, வாழை வாழ. அதுபோலத்தான் தும்பையும் தும்ப. இடையில் ஆங்கில எழுத்து புகுந்து, அதைப் பார்த்துத் தமிழ்ப் பத்திரிகைகள் எழுதியதால் 'தும்பா' ஆகிவிட்டது.

இந்த 'ஐ' ஊவாக்காரர்களுக்குப் புதிதல்ல. சிங்களத்தில் பதுல்ல, நமக்குப் பதுளை. பஸ்ஸர பசறையானது, ஹபுதலே அப்புத்தளையானது, பண்டாரவெல பண்டாரவளையானது. எந்த ஊர்ப் பெயரையும் நம் வாய்க்கு ஏற்ப முடித்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. பள்ளிக்கூடம் போகாத அப்பாயியின் காது செய்ததும் அதுதான். சிங்களத்திலும் இந்தச் செடிக்கு 'தும்ப' என்றே பெயர். இங்கே கீரையாகவும் கைமருந்தாகவும் பயன்படும் இனத்தை 'கெட்ட தும்ப' என்பார்கள்.

1963 நவம்பர் 21 அன்று மாலை அங்கிருந்து முதல் ரொக்கெட் கிளம்பியது. அமெரிக்காவின் நைக்கி அப்பாச்சி அது, பிரான்ஸ் கொடுத்த சோடியம் ஆவிக் கருவியைச் சுமந்து சென்றது. 200 கிலோமீற்றர் உயரத்தை எட்டியது. அந்தி வானத்தில் அது விட்ட ஆவி மேகத்தைக் கேரளத்திலும் தென் தமிழகத்திலும் மக்கள் பார்த்தார்கள்.

ஏவுதளத்தின் முழுப் பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஈக்குவற்றோரியல்' என்ற சொல் வருவதால், பூமத்திய ரேகை அங்கே ஓடுகிறது என்று எழுதுகிறார்கள். அது பிழை. பூமத்திய ரேகை அந்த ஊருக்குத் தெற்கே ஏறத்தாழ எட்டரைப் பாகைக்கு அப்பால், கடலில் இருக்கிறது. பெயர் குறிப்பது பூமியின் காந்தப் புலத்துக்கு உரிய நடுக்கோட்டை. அந்தக் கோட்டின் மேலே, தரையிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு மின்னோட்டம் பாய்கிறது. பலூன் அவ்வளவு உயரம் போகாது. செய்மதி அவ்வளவு தாழ்வாகச் சுற்றாது. ரொக்கெட்தான் வழி. இடம் தேடிய விக்ரம் சாராபாய் குழுவினர் அந்தக் கடற்கரையைத் தேர்ந்ததற்குக் காரணம் இதுவே. 'காந்த நடுக்கோட்டு ஏவுதளம்' என்று எழுதினால் குழப்பம் தீரும்.

'ஏவுகணை' என்று எழுதுவது இன்னும் மோசம். தும்பாவில் ஏவப்பட்டவை மேலே போய் அளந்துவிட்டுக் கடலில் விழும் ஆய்வு ரொக்கெட்டுகள். கணை என்பது ஆளைக் கொல்வதற்கு. 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் தோட்டத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களில் என் அத்தை குடும்பமும் ஒன்று. கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறி, 2009இல் எல்லாவற்றையும் விட்டு ஓடியவர்கள். 'ரொக்கெட்' என்றாலே அத்தைக்குப் பல்குழல் எறிகணைதான். நிலவுக்குப் போகும் செய்தியாக இருந்தாலும் தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்வார். அப்படிப்பட்ட வாசகர்களுக்கு எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லில் கவனமாக இருக்கவேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் தும்பை என்ற சொல்லுக்குள்ளேயே போர் இருக்கிறது. பழந்தமிழ் மரபில், இரு படைகளும் நேருக்கு நேர் நின்று வலிமை காட்டப் பொருதும்போது தும்பைப் பூச் சூடுவார்கள். அந்தத் திணைக்கே தும்பை என்று பெயர். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு போர்த்திணையை இணைக்கிறது. தும்பை வருவது நெய்தலுக்கு, அதாவது கடலும் கடல் சார்ந்த இடத்துக்கும். மீனவர் ஊரான தும்பாவுக்கு இது தற்செயலான பொருத்தம்தான், ஊர்ப் பெயருக்கும் இலக்கணத்துக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் முதன்முதலில் இதைக் கவனித்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது. நம் பேச்சில் இன்று மிஞ்சியிருப்பது போர் அல்ல, 'தும்பைப் பூப்போல வேட்டி' மட்டுமே.

பெயர்க் கதையில் நான் அதிகம் யோசிப்பது விடுபட்ட பெயரைப் பற்றித்தான். ஏவுதளத்துக்காக எடுக்கப்பட்ட புனித மகதலேனா மரியாள் தேவாலயம் பள்ளித்துறை மக்களுடையது. தேவாலயம் இருந்த துறை என்பதே அந்தப் பெயர். அன்றைய ஆயர் பீற்றர் பெர்னாட் பெரேரா ஞாயிறு பூசைக்கு வந்தவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு இடத்தைக் கொடுத்தார் என்று அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். ஆயர் இல்லம் அலுவலகமாகியது, தேவாலயத்துக்குள் ரொக்கெட் பொருத்தினார்கள். இன்று அது விண்வெளி அருங்காட்சியகம். மக்களுக்கு வேறிடத்தில் புதுத் தேவாலயம் கட்டிக் கொடுக்கப்பட்டது. குடியேறிய இடத்துக்கும் அவர்கள் பள்ளித்துறை என்ற பெயரையே கொண்டுபோனார்கள். உலகம் அறிந்ததோ தும்பாவை மட்டும். பலாலி, சம்பூர், முள்ளிக்குளம் மக்களிடம் யாரும் ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்கவில்லை என்பதால் இரண்டையும் ஒன்றாக்க நான் விரும்பவில்லை. ஆனால் பெயரைத் தூக்கிக்கொண்டு போவது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

சாராபாய் 1971 டிசம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டு தும்பாவிலிருந்த நிறுவனங்களை ஒன்றாக்கி அவர் பெயரில் விண்வெளி மையம் அமைத்தார்கள். அதனால் செய்திகளில் தும்பா என்ற பெயர் குறைந்தது. செய்மதிகள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போகின்றன. 2024 பெப்ரவரியில் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் இன்னொரு ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்த ஊர்க்காரர்கள் அதைக் குலசை என்பார்கள். அதுவும் 'ஐ'தான்.

என் செய்தியில் கடைசியில் 'தும்பா' என்றே விட்டேன். தேடுபவர்கள் அப்படித்தான் தேடுவார்கள் என்றார் ஆசிரியர். அடைப்புக்குள் 'தும்பை' என்று சேர்த்ததை மட்டும் அவர் வெட்டவில்லை.