ஷவர்மா என்னும் பிறவினை

சேலம் ஐந்து ரோட்டில் தொடங்கி ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வரை மாலை வேளையில் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால், ஒரே தின்பண்டத்தை மூன்று விதமாக எழுதியிருப்பது கண்ணில் படும். ஷவர்மா, ஷவார்மா, சவர்மா. பலகை எழுதுபவருக்கு மூன்றும் ஒன்றுதான், வாங்குகிறவருக்கும் அப்படியே. கம்பியில் கோழிக்கறி கோபுரமாக அடுக்கியிருக்கும், பக்கத்தில் நெருப்பு நிற்கும், நீளக் கத்தியோடு ஒருவர் நிற்பார். அடையாளத்துக்கு அது போதும். ஆனால் இந்தப் பெயருக்குள் ஒரு செய்முறையும் ஒரு பொறுப்பும் அடங்கியிருக்கின்றன. பெயர் நம் ஊர் வந்து சேர்வதற்குள் அவை இரண்டும் வழியில் உதிர்ந்துவிட்டன.

இதை அரபுச் சொல் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். வந்த வழி அரபு வழிதான். பிறந்த வீடு துருக்கி. துருக்கியில் ‘செவிர்மெக்’ என்றால் திருப்புதல், சுழற்றுதல். முதல் எழுத்தை ‘அச்சம்’ என்பதில் வரும் ச்ச போல அழுத்திச் சொல்ல வேண்டும். அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் ‘செவிர்மெ’. ஒட்டோமான் பேரரசு 1918 வரை சிரியாவையும் லெபனானையும் ஆண்டது. அந்தக் காலத்தில் துருக்கியரின் சமையலும் சொற்களும் டமாஸ்கஸ், பெய்ரூட் தெருக்களில் இறங்கின. அரபியில் வல்லினச் சகரம் இல்லை, அது ஷகரமானது. வகரமும் அங்கே இல்லை. இதழ் குவித்துச் சொல்லும் ஒலியாயிற்று. செவிர்மெ ‘ஷாவிர்மா’ ஆனது இப்படித்தான். தமிழுக்கு வந்தபோது, குவிந்த அந்த ஒலியை எழுத நம்மிடம் வகரம் மட்டுமே இருந்ததால், துருக்கியின் வகரம் தன்னையறியாமலே திரும்பக் கிடைத்துவிட்டது. சவர்மா என்று சகரம் போட்டு எழுதும் கடைக்காரரும் எழுத்தளவில் துருக்கி மூலத்துக்கு ஒரு படி பக்கத்தில்தான் இருக்கிறார். அவரைத் தப்பு என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை.

இனி இலக்கணத்துக்கு வருவோம். எனக்கு இந்தச் சொல்லில் ஆசை வந்ததே இங்கேதான். துருக்கியர் இன்று இந்த உணவை ஷவர்மா என்று சொல்வதில்லை, ‘தோனெர்’ என்கிறார்கள். ‘தோன்மெக்’ என்றால் சுழலுதல், திரும்புதல். செவிர்மெக் என்றால் சுழற்றுதல், திருப்புதல். ஆங்கிலம் பேசுவோருக்கு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு வாக்கியம் தேவைப்படும். பள்ளிக்கூடத்தில் தன்வினை பிறவினை படித்த தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு நொடி போதும். தோனெர் தன்வினை: தானே சுழல்வது. செவிர்மெ பிறவினை: ஒருவர் நின்று சுழற்றுவது. நம்முடைய சுழல், சுழற்று, திரும்பு, திருப்பு, புரள், புரட்டு என்ற இணைகள் எப்படியோ, பொருளளவில் துருக்கியின் இந்த இரண்டும் அப்படியே. 1856-இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளை, துருக்கி முதலியவற்றையும் அடக்கிய ‘சித்தியக்’ குடும்பத்தோடு உறவுபடுத்திப் பார்த்தார். அந்த உறவை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. ஆனால் விகுதி மேல் விகுதி ஒட்டிச் சொல் வளரும் அந்த மொழியைத் தமிழர் பார்க்கும்போது ஏற்படும் நெருக்க உணர்வு பொய்யில்லை.

செவிர்மெ என்பது தொழிற்பெயர். தொழிலின் பெயர் அந்தத் தொழிலால் விளைந்த பண்டத்துக்கு ஆகி வந்திருக்கிறது. தொழிலாகுபெயருக்கு ‘வற்றல் தின்றான்’ என்று நாம் எடுத்துக்காட்டு படிக்கவில்லையா, அதே கதைதான். தமிழ்ச் சமையற்கட்டு முழுவதும் இப்படிப்பட்ட பெயர்கள்: வறுவல், பொரியல், அவியல், துவையல். கொங்கு வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சட்டியில் கிடப்பது கோழிப் பிரட்டல். பேச்சு வழக்கில் பெரட்டல். புரட்டு என்னும் பிறவினையிலிருந்து பிறந்தது. ஆக, செவிர்மெ என்பதைத் தமிழில் ஒரே சொல்லால் சொல்லச் சொன்னால் நான் ‘பிரட்டல்’ என்றுதான் சொல்வேன். நாமக்கல் மாவட்டத்திலேயே, ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பள்ளிபாளையத்தின் பேரில் வழங்கும் பள்ளிபாளையம் சிக்கனுக்கு ஊர் பெயராயிற்று. தேங்காய்ப் பல்லும் வரமிளகாயும் போட்டுப் புரட்டியெடுக்கும் அந்தக் கறியின் செய்முறை பெயரில் இல்லை. ஷவர்மாவுக்கு ஊரே இல்லை, செய்முறை மட்டுமே பெயர்.

அந்தச் செய்முறையும் ஒரே நிலையில் இருந்ததில்லை. கம்பியில் குத்திச் சுடுவது எங்கும் பழைய வழக்கம். பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படை கரிகாலன் விருந்தைச் சொல்லும்போது கம்பியில் சுட்ட இறைச்சியைச் சொல்கிறது. அந்தக் கம்பிக்கு அங்கே ‘காழ்’ என்று பெயர்.  துருக்கியில் முதலில் கம்பி படுக்கையாகவே இருந்தது. இன்றும் முழு ஆட்டுக்குட்டியைப் படுக்கைவாட்டில் சுழற்றிச் சுடுவதைத்தான் அங்கே செவிர்மெ என்கிறார்கள். கம்பியை நட்டமாக நிறுத்திய பெருமையை 1860-களின் புர்சா நகரத்து இஸ்கெந்தர் குடும்பத்தார் தங்களுடையது என்கிறார்கள். அதற்கும் முன்பே கஸ்தமோனு ஊர் ஹம்தி செய்தார் என்போரும் உண்டு. 1855-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் இஸ்தான்புல்லில் எடுத்த புகைப்படம் ஒன்றில் நட்டமாக நிற்கும் கறிக்கோபுரம் தெரிகிறது என்பதால், புர்சாக்காரர்கள் கொஞ்சம் தாமதம் என்றுதான் எனக்குப் படுகிறது. படுத்த கம்பியில் கொழுப்பு நெருப்பில் சொட்டிப் புகைந்து வீணாகும். நின்ற கம்பியில் மேலிருந்து கீழே வழிந்து கறியையே நனைக்கும். அந்த ஒரு மாற்றம்தான் சுவையின் ரகசியம்.

பெயரும் ஊர் ஊராக உருமாறிப் போனது. கிரேக்கர் நெடுங்காலம் ‘தோனெர்’ என்றே சொல்லி வந்தனர். 1974 சைப்ரஸ் போரையொட்டித் துருக்கிச் சொற்கள் வேண்டாம் என்று ‘யீரோஸ்’ என்ற தங்கள் சொல்லை நிலைக்க வைத்தனர். அதற்கும் வட்டம், சுழற்சி என்பதே பொருள். பகையால் சொல்லை மாற்றினார்கள், பொருளை மாற்ற முடியவில்லை. மேற்காசியாவிலிருந்து மெக்சிகோ போனவர்கள் புவெப்லா நகரில் 1930-களில் இதை ‘அரபு டாக்கோ’ ஆக்கினார்கள். அங்கே அந்த நட்டக் கம்பிக்குப் பெயர் ‘த்ரோம்போ’, அதாவது பம்பரம். ஈராக்கியர் மட்டும் வேறு பக்கம் பார்த்தார்கள்: அவர்களுக்கு இது ‘கஸ்’, வெட்டியெடுத்தது. சுழற்றுகிற கையைப் பார்த்து ஒரு நாடு பெயர் வைத்தது, சீவுகிற கையைப் பார்த்து இன்னொரு நாடு.

நம் பக்கம் வந்தது வளைகுடா வழியாக. துபாய், தோஹா, ரியாத்தில் வேலை பார்த்த மலையாளிகள் அதைக் கேரளத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் தாண்டிக் கொங்கு நாட்டில் நுழைந்தது. கூட வந்த சொற்களே இதற்குச் சாட்சி. ரொட்டிக்கு அரபியில் ‘குப்ஸ்’. மலையாளத்தில் அது குப்பூஸ். நம் கடையில் குபூஸ். ஆட்டுக்கறி வழியில் கழன்றுகொண்டது. இங்கே ஷவர்மா என்றால் கறிக்கோழி. வெளியூர்க்காரர்கள் நாமக்கல் என்றதும் கோழி என்று பொதுவாகச் சொல்வார்கள். நாமக்கல் முட்டைக்கோழியின் ஊர். கறிக்கோழிக்குப் பல்லடம் பக்கம் போக வேண்டும். நாமக்கல் முட்டை கப்பலேறி ஓமனுக்கும் கத்தாருக்கும் போகிறது. அந்த முட்டை போய் இறங்கிய கரையிலிருந்துதான் ஷவர்மா இங்கே வந்தது.

முட்டை என்றதும் மயோனைஸைச் சொல்லாமல் விட முடியாது. மத்தியதரைக் கடலில் உள்ள மெனோர்கா தீவின் மாவோன் துறைமுகத்திலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பது பலரும் ஏற்கும் வரலாறு. லெபனான் ஷவர்மாவுக்கு அது சொந்தமே இல்லை. அங்கே கோழி ஷவர்மாவுக்குத் தடவுவது ‘தூம்’. அரபியில் தூம் என்றால் பூண்டு. பூண்டு, எண்ணெய், எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்து அடித்த வெண்ணிறக் குழம்பு அது. பூண்டைக் குறைத்துப் பச்சை முட்டையைக் கூட்டியது பிற்காலத்துச் சுருக்கு வழி. கேரளம் 2023 ஜனவரியிலும், தெலங்கானா 2024 அக்டோபரிலும் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தன. தமிழ்நாடு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. முட்டை ஊரில் முட்டைக்குக் கெட்ட பெயர் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். வேகவைத்த முட்டைக்கு யாரும் தடை போடவில்லை என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இங்கிருந்து வேலைக்குப் போன பிள்ளைகள் பெங்களூரில் மத்தியதரைக் கடல் உணவகம் என்று பெரிய கடைகளுக்குப் போகிறார்கள். அங்கே மெனு அட்டையில் ஷவர்மாவுக்குப் பக்கத்தில் ‘ஹம்மஸ்’ இருக்கும்: அரபியில் கொண்டைக்கடலைக்கே அந்தப் பெயர். அதற்கும் கீழே ‘ஃபலாஃபல்’. அது ‘ஃபில்ஃபில்’ என்ற சொல்லின் பன்மை என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. ஃபில்ஃபில் என்றால் மிளகு. பாரசீகம் வழியாகப் பின்னோக்கிப் போனால் வடமொழியின் பிப்பலி, நம் திப்பிலியின் உறவுச் சொல். கிரேக்கத்தின் பெபெரி, இலத்தீனின் பிபெர் எல்லாம் அந்தக் கொடியில் படர்ந்தவை. நாமக்கல்லிலிருந்து வடகிழக்கே பார்த்தால் தெரியும் கொல்லிமலையில் இன்றும் மிளகுக் கொடி மரமேறி நிற்கிறது. மேற்கே போன சொல்லுக்கும் மேற்கிலிருந்து வந்த சொல்லுக்கும் ஒரே அட்டையில் இடம் கிடைத்திருக்கிறது.

இந்தப் பெயரின் பயணத்தில் துயரமும் உண்டு. 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி ஒருவர் இறந்தார். பாதிக்கப்பட்டவர்களிடம் ஷிகெல்லா கிருமி கண்டறியப்பட்டது. அப்போது தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன், இது மேற்கத்திய உணவு, குளிர்நாட்டுத் தட்பவெப்பத்துக்கு ஏற்றது, நமக்கு ஒத்துவராது என்ற பொருளில் பேசினார். கெட்டுப்போகாமல் வைக்க வசதி இல்லாமல் கடை போடுகிறார்கள் என்ற அவர் கவலை நியாயமானது. பெயரின் வரலாறு மற்றதற்கு இடம் தரவில்லை. பாக்தாதின் கோடை சேலத்துக் கோடையைவிடக் கடுமையானது. வெயில் ஊர்களில்தான் இந்தச் சொல் பெரியதாக வளர்ந்தது.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் அது நம் ஊரிலேயே நடந்தது. நாமக்கல்லில் உணவகம் ஒன்றில் வாங்கிய ஷவர்மாவைச் சாப்பிட்ட 14 வயது மாணவி உயிரிழந்தார். அங்கே சாப்பிட்ட நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மாவட்டத்தில் ஷவர்மா, கிரில் சிக்கன் விற்பனைக்குத் தற்காலிகமாகத் தடை வந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்க வேண்டிய குழந்தை. இந்தச் சொல்லை அதற்குப் பிறகு வெறும் சொல்லாக எடுத்து ஆராய என்னால் முடியவில்லை.

கோபுரத்தின் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். நெருப்பின் சூடு மேற்பரப்பிலிருந்து விரலளவுகூட உள்ளே போவதில்லை. மேலே பொன்னிறமாக முறுகியிருக்கும்போதே நடுவில் பச்சைக்கறிதான் இருக்கிறது. சுழற்று, வேகவிடு, வெந்ததை மட்டும் மெலிதாகச் சீவு, புதுப்பரப்பு நெருப்பைப் பார்க்கட்டும்: இந்த ஒழுங்கு பிசகாதவரை ஒன்றும் ஆகாது. கூட்டம் நெருக்கும்போது வேகாத அடுக்கு வரை கத்தி இறங்கும். கூட்டம் குறைந்தால் எரிவாயுவைக் குறைத்துவிடுவார்கள். கறி வெதுவெதுப்பாகவே நிற்கும். 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடையே கிருமி பெருகும். கோழிக்கறியின் உட்புறம் 75 டிகிரி தொட்டால் சால்மொனெல்லா உறுதியாகச் சாகும். மீந்த கோபுரத்தைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் மறுபடி ஏற்றுவது இவை எல்லாவற்றையும்விட மோசம். சட்டியில் செய்யும் பிரட்டலில் இந்த ஆபத்து இல்லாததற்குக் காரணம், அங்கே துண்டு முழுதும் வேகிறது. நட்டக் கம்பியில் வேகவைப்பது நெருப்பு மட்டுமல்ல, நிற்கிற ஆளின் கணிப்பும்.

கடைகளில் அவரை ‘ஷவர்மா மாஸ்டர்’ என்கிறோம். தோனெர் என்று சொல்லியிருந்தால், அது தானே சுழல்வது, மோட்டார் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடலாம். நம்மிடம் வந்தது பிறவினை. பிறவினைக்கு எழுவாய் வேண்டும். அந்த எழுவாய் அவர்தான். எப்போது நிறுத்துவது, எவ்வளவு சீவுவது, சீவியதைத் தவாவில் இன்னொரு முறை சூடுகாட்டிக் குபூஸில் வைப்பதா என்று முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். பெரும்பாலும் அது கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கிறது. சம்பளம் குறைவு, ஆள் அடிக்கடி மாறுவார், பல கடைகளில் தமிழ் புரியாத இளைஞர்தான் கத்தி பிடிக்கிறார்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உணவு கையாள்வோருக்கு ‘ஃபோஸ்டாக்’ என்ற பயிற்சி நடத்துகிறது. நாமக்கல்லிலும் சேலத்திலும் அந்த வகுப்பு நடக்கும்போது வெப்பநிலை அட்டவணையை நீட்டுவதற்கு முன் மாஸ்டர்களுக்கு இந்தப் பெயரின் பொருளைச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். தமிழ் தெரிந்தவருக்குப் பிரட்டல் என்று ஒரு சொல் போதும். இந்தி பேசுகிறவருக்கு ‘கூம்னா’வுக்கும் ‘குமானா’வுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டினால் அவருக்கும் விளங்கும். முதலாளியும் அதே வகுப்பில் உட்கார்ந்து கேட்கட்டும்.