எச்.சி.-எஸ்.ஆர்.04 மீயொலி உணரி

எச்.சி.-எஸ்.ஆர்.04 என்பது பொழுதுபோக்கு மின்னணுவியலில் தொலைவை அளக்கப் பரவலாகப் பயன்படும் மலிவான மீயொலி உணரி. 5 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும், 2 செ.மீ. முதல் சுமார் 4 மீட்டர் வரை அளக்கும்.

இயங்கும் முறை: தூண்டுமுனையில் 10 மைக்ரோநொடித் துடிப்பு கிடைத்ததும், உணரி 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியலைகளை அனுப்புகிறது. ஒலி பொருளில் பட்டுத் திரும்பும் நேரம், எதிரொலிமுனையில் துடிப்பின் நீளமாக வெளிப்படும். அந்த மைக்ரோநொடிகளை 58ஆல் வகுத்தால் தொலைவு சென்டிமீட்டரில் கிடைக்கும்.

வரம்புகள்: துணி, பஞ்சு போன்றவை ஒலியை உறிஞ்சும், சாய்ந்த பரப்பு அதை வேறு பக்கம் திருப்பிவிடும். வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடுவதால் அளவீடும் சற்று மாறும். ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியுடன் இணைக்கையில், எதிரொலிமுனையின் 5 வோல்ட்டை மின்தடைகளால் 3.3 வோல்ட்டாகக் குறைப்பது கட்டாயம்.

மாற்றுகள்: 10–80 செ.மீ. அளக்க ஷார்ப் நிறுவனத்தின் அகச்சிவப்பு உணரி ஜி.பி.2ஒய்.0ஏ.21 உதவும். குறுகிய இடங்களுக்கு, சுமார் 2 மீட்டர் வரை அளக்கும் லேசர் உணரி வி.எல்.53எல்.0எக்ஸ் ஏற்றது. தண்ணீர்த் தொட்டிக்கு நீர்புகா உணரியான ஜே.எஸ்.என்.-எஸ்.ஆர்.04டி பொருந்தும். தடையைக் கண்டு விலகும் சிறு ரோபோவுக்கு எச்.சி.-எஸ்.ஆர்.04 போதுமானது.