ஒரே பொருள், இரண்டு வடிவம்

படிவம் நான்கு கருத்துணர் பயிற்சிக்கு அறிவியல் வரலாற்றுப் பனுவல் ஒன்று தேடினேன். அப்படிக் கிடைத்த கதை இது. நான் இயற்பியல் ஆசிரியர் இல்லை. ஆனாலும் விட மனசு வரவில்லை.

மீக்கடத்தி என்றால் மின்தடையே இல்லாத பொருள் என்று மாணவர்கள் பட்டென்று சொல்லிவிடுவார்கள். அதன் இன்னொரு குணத்தை 1933இல் பெர்லினில் மெய்ஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் கண்டறிந்தார்கள். போதிய அளவு குளிர்ந்ததும் அது தனக்குள் இருக்கும் காந்தப்புலத்தை வெளியே தள்ளிவிடுகிறது. தள்ளிய புலம் எங்கே போகும்? ஆற்று நடுவே பாறை கிடந்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு ஓடும் இல்லையா, அதே மாதிரி பொருளின் ஓரத்தில் புலம் நெருக்கியடிக்கும். எவ்வளவு நெருக்கும் என்பது வடிவத்தைப் பொறுத்தது. புலத்தின் திசையிலேயே நிற்கும் நீண்ட ஊசிக்கு வித்தியாசமே இல்லை எனலாம். உருண்டையின் நடுவட்டத்தில் ஒன்றரை மடங்கு. தடிமனைப்போல் 10 மடங்கு அகலமுள்ள, ஓரம் வளைந்து மெலிந்த வட்டைக் குறுக்கே வைத்தால் ஏறக்குறைய 7 மடங்கு!

இதற்கான திருத்தக் கணக்கை 1945இல் ஓஸ்பர்ன் வெளியிட்டார். ஆனால் அது உருண்டை, நீள்உருண்டை போன்ற வளைந்த வடிவங்களுக்குத்தான் அச்சாகப் பொருந்தும். சிக்கல் அங்கேதான் ஒளிந்திருந்தது.

1986இல் சூரிச்சில் பெட்நோர்ட்ஸும் முல்லரும் செப்பு ஆக்சைடு மீக்கடத்தியைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே 93 கெல்வினில் வேலை செய்யும் பொருள் வந்தது. 77 கெல்வின் திரவ நைட்ரஜனே குளிரூட்டப் போதும். உலகமே ஓடிப்போய் அளந்தது. அளந்தவை பெரும்பாலும் குட்டித் தட்டுகள். பிஸ்மத் கலந்த வகை, அப்பிரகம் போல ஏடு ஏடாக உரியும்.

புலத்தை ஏற்றும்போது ஒரு கோடு, இறக்கும்போது வேறு கோடு. குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேலேதான் இரண்டும் ஒன்றாகும். அந்த எல்லை பொருளின் உள்குணத்தைக் காட்டுகிறது என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். நியாயமான ஊகம்தான், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

1994இல் இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தில் செல்டோவ் குழுவினர், நுண்ணிய உணரிகளை வரிசையாக வைத்துப் படிகத்தின் மேல் புள்ளி புள்ளியாக அளந்தார்கள். உள்ளே நுழைந்த புலம் ஓரத்தில் தங்கவில்லை. நடுவில் குவிமாடம் போலக் குவிந்து கிடந்தது. செங்குத்தான விளிம்பு ஒரு தடுப்புச்சுவராக நின்றது என்பது அவர்கள் விளக்கம். அப்படியானால் விளிம்பை எடுத்துவிட்டால்? 1995இல் அதைச் செய்தே பார்த்தார்கள். அதே வகைப் படிகத்தைத் தேய்த்து, ஓரம் படிப்படியாக மெலியும் பட்டகமாக்கினார்கள். பொருள் அதே பொருள்தான். ஆனால் பிரிந்து கிடந்த கோடுகள் பெரும்பகுதி ஒன்றுசேர்ந்தன. எல்லை கீழே இறங்கிவிட்டது. பொருளின் குணம் என்று எண்ணியதில் பெரும்பங்கு தட்டின் குணம்!

வகுப்பில் நான் கேட்கவிருக்கும் கேள்வி: “பொருள் அதே பொருள்தான்” என்ற வரியை நீக்கிவிட்டால், 1995 சோதனை எதை நிரூபிக்கும்?