பாதிப் பேருக்கு மட்டும் மருந்து

எங்க சின்னசேலம் பக்கம் வயசான அம்மாக்கள் கோபம் வந்தால் வைகிற வசவில் ரெண்டு இன்னும் காதில் விழும். "கொள்ளையில போவான்", "பேதியில போவான்". கொள்ளை என்றால் இங்கே திருட்டு இல்லை, கொள்ளை நோய். பேதி என்றால் வாந்திபேதி, அதாவது காலரா. திட்டுகிறவருக்கும் தெரியாது, திட்டு வாங்குகிறவனுக்கும் தெரியாது. ஆனால் ஊரே காலியான காலத்தின் நினைவு அந்த ரெண்டு வார்த்தையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த ரெண்டு நோயும் ஒரு பழைய ஹாலிவுட் படம் வழியாக என்னிடம் வந்து சேர்ந்தன. 1931-ல் வந்த 'ஆரோஸ்மித்'. ஜான் ஃபோர்டு இயக்கம், சாமுவேல் கோல்ட்வின் தயாரிப்பு, ரொனால்ட் கோல்மனும் ஹெலன் ஹேய்ஸும் நடித்தது. சின்க்ளேர் லூயிஸ் 1925-ல் எழுதிய நாவல்தான் மூலம். அந்த நாவலுக்கு 1926-ல் புலிட்சர் பரிசு கொடுத்தார்கள், மனுஷர் வேண்டாம் என்று திருப்பிவிட்டார். 1930-ல் நோபல் கொடுத்தபோது மட்டும் வாங்கிக்கொண்டார்!

கதை இதுதான். மார்ட்டின் ஆரோஸ்மித் ஒரு டாக்டர், ஆராய்ச்சியில் பித்து. மேற்கிந்தியத் தீவு ஒன்றில் பிளேக் பரவுகிறது. அவனிடம் மருந்து இருக்கிறது, ஆனால் வேலை செய்யுமா என்று யாருக்கும் தெரியாது. அவனுடைய குரு காட்லீப் சொல்லி அனுப்புகிறார்: பாதிப் பேருக்குக் கொடு, மீதிப் பாதிக்குக் கொடுக்காதே, அப்போதுதான் உண்மை தெரியும். தீவின் அதிகாரிகள் முடியவே முடியாது என்கிறார்கள். கடைசியில் மார்ச்சண்ட் என்ற கறுப்பின டாக்டர் தன் மக்களிடம் சோதனை நடத்தச் சம்மதிக்கிறார். அந்த வேஷத்தில் கிளாரன்ஸ் புரூக்ஸ். கறுப்பு நடிகருக்கு வேலைக்காரன் வேஷம் தவிர வேறு கிடைக்காத காலத்தில் ஒரு கௌரவமான டாக்டர் வேஷம் என்று சினிமா வரலாற்றுக்காரர்கள் இதைப் பாராட்டுவார்கள். நியாயம்தான். ஆனால் வெள்ளைக்காரர்களிடம் நடத்த முடியாத சோதனை யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிறகு மனைவி லியோரா பிளேக்கில் சாகிறாள். கிருமி பட்ட ஒரு சிகரெட், அவ்வளவுதான். ஆரோஸ்மித் உடைந்துபோய் எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்துவிடுகிறான். நோய் அடங்குகிறது. உலகம் அவனை மாவீரன் என்கிறது. மருந்தால் அடங்கியதா, தானாக அடங்கியதா என்பது மட்டும் அவனுக்கே தெரியாது.

படத்தில் அந்த மருந்து வெறும் சீரம். நாவலில் அது பாக்டீரியோஃபேஜ், அதாவது பாக்டீரியாவுக்குள் புகுந்து அதை வெடிக்க வைக்கும் வைரஸ். லூயிஸுக்கு இந்த அறிவியலை எல்லாம் சொல்லிக்கொடுத்தவர் பால் டி குரூயிஃப் என்ற பாக்டீரியா ஆராய்ச்சியாளர். நாவலில் ஆரோஸ்மித் ஃபேஜைத் தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கும்போது, பாரிஸில் ஃபெலிக்ஸ் தெரேல் என்பவர் முந்திக்கொண்டார் என்ற சேதி வருகிறது. இந்த தெரேல் கற்பனை ஆள் இல்லை. 1917-ல் அதற்குப் பெயர் வைத்தவரே அவர்தான்.

நம்ம கதை இங்கே ஆரம்பிக்கிறது. 1927-ல் தெரேல் இந்தியாவுக்கு வந்தார், காலராவுக்கு ஃபேஜ் கொடுத்துப் பார்க்க. பஞ்சாப் கிராமங்களில் நோயாளிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார். நம்ம ஊரில் பிளீச்சிங் பவுடர் போடுவது போல கிணறுகளிலும் ஊற்றினார். அவர் குழு வெளியிட்ட கணக்கு: ஃபேஜ் எடுத்த 74 பேரில் 5 சாவு, எடுக்காத 124 பேரில் 78 சாவு. 6.8 சதவீதம், 62.9 சதவீதம். பார்த்தால் மயக்கம் வரும். ஆனால் சீட்டுக் குலுக்கிப் பிரித்த குழுக்கள் இல்லை இவை. யார் மருந்தை ஏற்றார், யார் மறுத்தார், யார் ஏற்கெனவே கைவிடும் நிலையில் இருந்தார் என்பதெல்லாம் அந்த ரெண்டு எண்ணுக்குள்ளே கலந்து கிடக்கும்.

அடுத்து அசாம். ஷில்லாங் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டின் மாரிசன் 1930-களின் முதல் பாதியில் செய்தது கிட்டத்தட்ட அப்படியே ஆரோஸ்மித். நவ்காங் பகுதியில் ஊர்த் தலைவர்கள் கையிலேயே ஃபேஜ் பாட்டில்களைக் கொடுத்து வைத்தார்கள். ஹபிகஞ்ச் பகுதியில் கொடுக்கவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க. படம் தியேட்டரில் ஓடிய அதே காலம். நவ்காங்கில் காலரா சாவு குறைந்தது, ஹபிகஞ்சில் தொடர்ந்தது.

நான் சாஃப்ட்வேர் ஆள். ஏ/பி டெஸ்ட் எங்களுக்கு அன்றாடம்: பாதிப் பயனர்களுக்குப் புதுப் பட்டன், பாதிப் பேருக்குப் பழையது. எங்க டீமில் யாராவது சென்னைக்கு ஒன்று, கோவைக்கு ஒன்று என்று பிரித்துவிட்டு முடிவோடு வந்தால் ரிவ்யூவில் கிழித்துவிடுவார்கள். ஆறு வேறு, மழை வேறு, காலராவோ சில வருஷம் பொங்கும், சில வருஷம் அடங்கும். ரெண்டு பகுதியை வைத்து என்ன சொல்ல முடியும்? 1970-ஐ ஒட்டி டாக்காவில் முறையாகச் சோதித்தபோது ஃபேஜ், டெட்ராசைக்ளினை மிஞ்சவில்லை. நவ்காங்கின் நம்பிக்கை அதற்குள் பழங்கதை ஆகிவிட்டது.

பிளேக்குக்கு இதே சோதனை இன்னும் முன்னாலேயே நடந்திருக்கிறது. பம்பாயில் பிளேக் வெடித்த சமயம், ஒடெஸாவில் பிறந்த வால்டெமர் ஹாஃப்கின் தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். அந்த மாதக் கடைசியில் பைகுல்லா சிறைக் கைதிகளுக்கு. மறு வருஷம் பிப்ரவரியில் பரோடாவுக்குப் பக்கத்தில் உந்தேரா என்ற கிராமம். அங்கே அவர் ஊரைப் பிரிக்கவில்லை, தெருவைப் பிரிக்கவில்லை. வீட்டைப் பிரித்தார். ஒவ்வொரு குடும்பத்திலும் பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு இல்லை. ஒரே கூரை, ஒரே எலி, ஒரே சோறு. ஒப்பீடு என்று பார்த்தால் அசாமில் பின்னால் செய்ததைவிட இது எவ்வளவோ கறாரானது. ஊசி போட்ட 71 பேரில் 8 பேருக்கு நோய், 3 சாவு. போடாத 64 பேரில் 27 பேருக்கு நோய், 26 சாவு.

அந்த 26-ஐ நான் பலமுறை திரும்பப் படித்தேன். ஒரு திண்ணையில் அண்ணன் கையை நீட்டுகிறான், தம்பி வேடிக்கை பார்க்கிறான். ஹாலிவுட் இதைப் படமாக்கியிருந்தால் நடுவில் யாராவது ஊசியைப் பிடுங்கி எல்லோருக்கும் போட்டிருப்பார்கள், நாமும் கைதட்டியிருப்போம்.

ஆனால் கைதட்டுவதற்கு முன்னால் செங்கல்பட்டையும் பார்க்கணும். 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். சுமார் 2,60,000 பேர். சிலருக்கு அதிக அளவு, சிலருக்குக் குறைந்த அளவு, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி. எது யாருக்கு என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது. அதற்குள் பல நாடுகளில் கோடிக்கணக்கில் போட்டாகிவிட்ட ஊசி அது. 'நல்ல மருந்தை வைத்துக்கொண்டு ஏழை ஜனங்களுக்கு வெறும் தண்ணியா?' என்று அன்று யாராவது கேட்டிருந்தால் நானும் அந்தப் பக்கம்தான் நின்றிருப்பேன். ஏழரை வருஷக் கணக்கு 1979-ல் வெளியானது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பொறுத்தவரை பிசிஜி போட்டவருக்கும் போடாதவருக்கும் வித்தியாசம் இல்லை. வெறும் ஊசி வாங்கியவர்கள் அந்த விஷயத்தில் எதையும் இழக்கவில்லை.

உந்தேராவிலும் செங்கல்பட்டிலும் ஊசி ஏறும் நிமிஷத்தில் அந்த ஜனங்களுக்குத் தெரிந்தது ஒன்றேதான், அதாவது ஒன்றும் தெரியாது. படத்தில் நமக்கு லியோரா மேல் பிரியம் வந்துவிடுவதால் மருந்து பலிக்கும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். காட்லீப் கல்நெஞ்சக்காரராகத் தெரிவது அதனால்தான். எனக்கு அவர் மேல் அவ்வளவு வருத்தம் இல்லை. வருத்தம் எல்லாம் கையை நீட்டச் சொல்லும்போது யாரிடம், எந்த மொழியில், என்ன சொன்னார்கள் என்பதில். பைகுல்லா கைதியிடம் 'இஷ்டம் இருந்தால் வா' என்று சொல்வதற்கு ஒரு சிறைக்குள் என்ன அர்த்தம்?

பச்சைக் குழந்தைகளுக்கு மூளைக் காசநோய் வராமல் காக்கும் என்பதால் பிசிஜி இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் பிறக்கும் குழந்தைக்கும் சரி, சென்னையில் பிறக்கும் குழந்தைக்கும் சரி, அதே இடது தோளில்தான். இந்தப் படத்தை யாராவது பார்ப்பதாக இருந்தால், மார்ச்சண்ட் பேசும் காட்சியில் கொஞ்சம் நிறுத்தி அவர் பின்னால் நிற்கிறவர்களின் முகங்களைப் பாருங்கள். அவர்களுக்கு வசனம் கிடையாது.