அங்குல ஸ்பானர்

செம்பரம்பாக்கத்தில் ஏரிக்கரைக்கு ஒரு மைல் தள்ளி என் நண்பர் ஒருவர் வீடு கட்டிக்கொண்டு குடியிருக்கிறார். வீடு கட்டினார் என்பதைவிட, ஒரு மோட்டார் கொட்டகை கட்டி, அதன் ஓரத்தில் ஒண்டிக்கொள்ள இரண்டு அறைகளும் கட்டினார் என்று சொல்வதுதான் பொருத்தம். அவருடைய மனைவியின் அபிப்பிராயமும் இதுவே. மனிதர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் கருவி அறையில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஒரு மில்லிமீட்டரை நூறு கூறு போட்டு, அதில் ஒரு கூறு கூடினாலும் குறைந்தாலும் முகம் சுளிக்கிறவர்.

அந்தக் கொட்டகையில் இருப்பது அவருடைய தகப்பனாரின் புல்லட் மோட்டார் சைக்கிள். 1959-ல் திருவொற்றியூரில் தயாரானது. தகப்பனார் காலமான பிறகு ஜாபர்கான்பேட்டையில் மைத்துனர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வந்த உபரித் தண்ணீரும், பேய் மழையும் சேர்ந்து அடையாறு ஊருக்குள் புகுந்தபோது, வண்டி இரண்டு நாள் முழுதாக மூழ்கிக் கிடந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் கிக்கர் அசையவில்லை. பிஸ்டன் துருப்பிடித்துச் சிலிண்டரோடு ஒன்றாகிவிட்டது. பல வருஷம் அப்படியே மூலையில் கிடந்து, நண்பர் ஓய்வு பெற்ற பிறகு லாரியில் ஏறிச் செம்பரம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. எந்த ஏரியின் தண்ணீர் அதைக் குளிப்பாட்டியதோ, அந்த ஏரியின் கரைக்கே வைத்தியத்துக்கு வந்தது என்று நான் சொன்னேன். நண்பர் சிரிக்கவில்லை. அன்று அவர் சிரிக்கும் நிலையில் இல்லை.

காரணம், ஸ்பானர். அவரிடம் இருந்த ஸ்பானர்கள் உயர்ந்த ரகம். எல்லாம் மில்லிமீட்டர்க் கணக்கு. புல்லட்டின் நட்டில் ஒன்றை மாட்டினால் தொளதொளவென்று ஆடுகிறது. அடுத்த சிறியதை மாட்டினால் உள்ளேயே போக மறுக்கிறது. தொழிற்சாலையில் எத்தனையோ யந்திரங்களைப் பிரித்துப் பூட்டியவர், தகப்பனார் வண்டியின் முதல் நட்டிலேயே தோற்றுப்போய் நின்றார்.

மறுநாள் இரண்டு பேருமாகப் புதுப்பேட்டைக்குப் போனோம். சென்னையில் பழைய மோட்டார் சாமான் எது வேண்டுமானாலும் கடைசியில் போய் நிற்கவேண்டிய இடம் அது. ஒரு சின்னக் கடையில் வயதான பாய் ஒருவர் நண்பர் நீட்டிய நட்டை வாங்கி, கட்டைவிரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார்.

“இது இங்கிலீஷ் மரை, ஸார். மில்லி ஸ்பானர் போட்டா மூலையெல்லாம் மழுங்கிப்போகும். அங்குல ஸ்பானர்தான் வேணும்.”

ஒரு தகர டப்பாவிலிருந்து நாலைந்து கறுத்த ஸ்பானர்களைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார். அவற்றின் மேல் பொறித்திருந்த அளவையும் ஸ்பானரின் வாயையும் நண்பர் தம் கருவியால் அளந்து பார்த்து, ஒன்றுக்கொன்று ஒவ்வவில்லையே என்று திகைத்தார். அதற்கும் பாய்தான் விடை சொன்னார். அந்தக் காலத்து ஆங்கிலேய ஸ்பானரில் எழுதியிருப்பது போல்ட்டின் தண்டுக்கு உரிய அளவு. ஸ்பானர் பிடிக்கும் தலையின் அளவு அல்ல.

அந்தக் கறுத்த ஸ்பானர்களைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பும்போது, நமது ராஜ்யத்தில் ஒரு வண்டி அங்குலத்தில் பிறந்து அங்குலத்திலேயே கிழடான கதை என்ன என்று தேடிப் பார்க்க எனக்கு ஆசை உண்டாயிற்று.

கதை இங்கிலாந்தில், பர்மிங்ஹாமுக்குத் தெற்கே ரெட்டிச் என்ற ஊரில் தொடங்குகிறது. அது ஊசிக்குப் பேர்போன ஊர். உலகத்துக்குத் தையல் ஊசி செய்து அனுப்பிய அந்த ஊர்ப் பட்டறைகளில் ஒன்றுதான் சைக்கிள் பாகங்களுக்கு மாறி, பின்பு மிடில்செக்ஸ் ஜில்லாவில் என்ஃபீல்டு என்னும் இடத்திலிருந்த ராஜாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்பமான பாகங்கள் செய்து கொடுத்தது. அந்தப் பெருமையில் ‘ராயல் என்ஃபீல்டு’ என்று பெயரையும் வைத்துக்கொண்டது. துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்று விளம்பரமும் செய்துகொண்டது. 1901-ல் முதல் மோட்டார் சைக்கிள். 1932-ல் ‘புல்லட்’ என்ற பெயர். இரண்டாவது யுத்தம் முடிந்த பின், பின் சக்கரம் ஸ்பிரிங்கில் ஏறி இறங்கும்படி அமைத்த புதுப் புல்லட் 1949-ல் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் நாம் பார்த்த புல்லட்டெல்லாம் அதன் சந்ததிதான்.

அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் கே. ஆர். சுந்தரம் ஐயர், அவருடைய ஸ்தாபனத்தின் பெயர் மெட்ராஸ் மோட்டார்ஸ். எல்லைக் காவலுக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேடிக்கொண்டிருந்த இந்திய ராணுவம் புல்லட்டுக்கு ஆர்டர் கொடுத்ததும் நிலைமை மாறிற்று. ஒவ்வொன்றையும் கப்பலில் வரவழைத்துக் கட்டுபடியாகாது. சர்க்காரும் அன்னியச் செலாவணியை அப்படிக் கொட்ட விடாது. 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’ உருவாயிற்று. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது. பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டி, 1956 முடிவதற்குள் 163 வண்டிகளை வெளியே அனுப்பினார்கள். இன்று ஒரு காலை நேரத்துக்குக்கூடக் காணாத எண்ணிக்கை.

காது அறுந்த ஊசியைக் கண்டு சகலத்தையும் துறந்தார் என்று சொல்லப்படும் பட்டினத்தார் அடங்கிய ஊரும் திருவொற்றியூர்தான். ஊசி செய்கிற ஊரிலிருந்து புறப்பட்டு வந்த யந்திரம் அவர் அடங்கிய ஊரில் வந்து குடியேறியதில் பொருள் ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்கு அதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

இனிதான் விசேஷம். 1957-ல் பாகங்களைச் செய்யும் அச்சுகளையும் கருவிகளையுமே ரெட்டிச் கம்பெனி இந்தியாவுக்கு விற்றுவிட்டது. அத்தனையும் அங்குலக் கணக்கு. மரைகள் எல்லாம் ஆங்கிலேய மரைகள். அதே 1957-ல், ஏப்ரல் முதல் தேதியன்று, நம் நாட்டில் அணாவும் தம்படியும் போய் நயா பைசா வந்தது. அதற்கு முந்தின வருஷமே எடை அளவுச் சட்டம் நிறைவேறி, சேரும் படியும் கஜமும் கிலோ, லிட்டர், மீட்டருக்கு இடம் விட்டு விலகத் தயாராகிக்கொண்டிருந்தன. தேசம் முழுதும் அங்குலத்தைக் கைவிட்டுக்கொண்டிருந்த சமயத்தில், திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை மட்டும் அங்குலத்தைக் கப்பலிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தது! நண்பருக்கு அறுபது வருஷம் கழித்து ஸ்பானர் பொருந்தாமல் போனதற்கு வேர் அங்கே இருக்கிறது.

இங்கிலாந்தில் புல்லட்டின் வாழ்வு அதிக நாள் நீடிக்கவில்லை. புதுப் புது மாடல்கள் செய்து பார்த்தார்கள், ஜப்பான்காரர்கள் வந்தார்கள், 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது, 1970-ல் மிச்சமிருந்ததும் நின்றது. இங்கேயோ திருவொற்றியூர்க்காரர்கள் வாங்கிய அச்சில் வாங்கிய வண்டியையே செய்துகொண்டிருந்தார்கள். 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. 1977-ல் அந்த வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. பிறந்த வீட்டில் சந்ததி அற்றுப்போக, வாழ்க்கைப்பட்ட வீட்டிலிருந்து பேரன் போய் நின்ற மாதிரி.

இதை நம்முடைய பக்தி என்றும், பாரம்பரியப் பற்று என்றும் இப்போது பலர் எழுதுகிறார்கள். எனக்கு அவ்வளவு சம்மதமில்லை. லைசென்ஸ் இல்லாமல் ஒரு திருகாணி செய்ய முடியாத காலம் அது. புது அச்சுக்குப் பணமும் கிடையாது, போட்டியும் கிடையாது. மாற்ற முடியாததால் மாற்றவில்லை. 1980-களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவில் நூறு ஸி. ஸி. வண்டிகள் வந்து இறங்கியதும் புல்லட் தள்ளாடியதே இதற்குச் சாட்சி. 1994-ல் கம்பெனி ஐஷர் குழுமத்தின் கைக்குப் போயிற்று. 2000-ஆம் வருஷ வாக்கில் மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தார்கள்.

ஆனால் தொழிற்சாலை மாற்றாமல் இருந்ததனால் வெளியே ஒரு காரியம் நடந்தது. நாற்பது ஐம்பது வருஷம் ஒரே எஞ்சின். எழுபது மில்லிமீட்டர் விட்டமும் தொண்ணூறு மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட 346 ஸி. ஸி. எஞ்சின். அப்பன் கற்றுக்கொண்ட வேலை மகனுக்கும் உதவிற்று. ஊருக்கு ஊர் புளியமரத்தடியில் ஒரு புல்லட் மெக்கானிக் உட்கார்ந்தார். கையேட்டை அவர் கண்ணால் பார்த்ததில்லை. பாகம் கிடைக்காவிட்டால் பக்கத்து லேத்துப் பட்டறையில் கடைந்து போட்டார். புதுப்பேட்டை பாய் கட்டைவிரலால் மரையைப் படித்தது அந்தப் பள்ளிக்கூடத்தின் படிப்புதான். 2010 வாக்கில், புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல், அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் நிறுத்தப்பட்டது. பழைய எஞ்சின் போனது, வியாபாரம் பெருகிற்று. 2013-ல் ஒரகடத்திலும் 2017-ல் வல்லம் வடகாலிலும் பெரிய தொழிற்சாலைகள் எழுந்தன. இரண்டும் நண்பரின் கொட்டகையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருப்பவை. அவருடைய வண்டிக்கு அங்கிருந்து ஒரு நட்டுகூட ஆகாது.

அந்த வண்டியைப் பிரித்தபோது நான் அநேக ஞாயிற்றுக்கிழமைகள் கூட இருந்தேன். சிலிண்டருக்குள் டீசலை ஊற்றி ஊறவைத்து, ஒன்பதாம் நாள் மரக்கட்டையை வைத்துத் தட்டியதில் பிஸ்டன் அசைந்தது. ஏற்கெனவே பல முறை போர் அடித்து, இனி அடிக்க இடமில்லாமல் இருந்ததனால், சிலிண்டருக்கு ஸ்லீவ் போட்டார்கள். கார்புரேட்டர் இங்கிலாந்துச் சரக்கு. ஒரு புஷ், எந்தக் காலத்து எந்த மெக்கானிக்கோ பித்தளையில் கடைந்தது. இந்த வண்டியில் ரெட்டிச் எவ்வளவு, திருவொற்றியூர் எவ்வளவு, புளியமரத்தடி எவ்வளவு என்று பிரித்துச் சொல்லப் பிரம்மாவால்தான் ஆகும்.

தகராறு வந்தது இங்கேதான். நண்பரின் மகன் பெங்களூரில் நல்ல உத்தியோகத்தில் இருப்பவன். “அப்பா, ஐம்பது வயசு தாண்டின வண்டிக்குத் தனி நம்பர் வாங்கலாம், தெரியுமா? எல்லாத்தையும் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே பண்ணிடுவோம்” என்றான். அவன் சொன்னது வாஸ்தவம். 2021-ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த விதியின்படி, ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிந்து, ‘வி. ஏ.’ என்ற எழுத்துள்ள பலகை மாட்டிக்கொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் சட்டகத்திலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் ரூபத்தில் இருக்கவேண்டும். தவிர, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாமே தவிர, அன்றாடம் ஓட்டக்கூடாது.

“அசல் ரூபம்னா எது, ஸார்?” என்று நண்பர் என்னைக் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரம் அவர் பெட்ரோல் டேங்கின் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மேலே கறுப்பு, அது தகப்பனார் அடித்தது. கறுப்புக்குக் கீழே அரக்குச் சிவப்பு. அதற்கும் கீழே, உலோகத்தை ஒட்டி, மங்கலான ராணுவப் பச்சை! நண்பர் உப்புத் தாளைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தகப்பனார் அந்த வண்டியைப் பட்டாளத்து ஏலத்தில் எடுத்தாரோ, ஏலத்தில் எடுத்த வேறொருவரிடம் வாங்கினாரோ, வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சும் வந்ததில்லை. அவர் மாதச் சம்பளக்காரர். புது வண்டி வாங்கினதாகவே பிள்ளைகள் எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

“பச்சைதான் அசல்” என்றான் மகன், தொலைபேசியில்.

“எனக்கு அந்த வண்டியைக் கறுப்பாத்தான் தெரியும்டா” என்றார் நண்பர்.

முடிவில் டேங்குக்குக் கறுப்பே அடித்தார். ஸீட்டுக்கு அடியில் மறையும் பின்கோடியில் மட்டும் ஓர் உள்ளங்கை அளவு மூன்று பூச்சும் தெரியும்படி விட்டுவைத்தார். பித்தளைப் புஷ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வி. ஏ. பலகை வேண்டாம் என்று தீர்மானித்து, பழைய பதிவையே புதுப்பித்துக்கொள்ள அலைந்தார். அந்த அலைச்சலை எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும்.

எஞ்சினை முதல் முறை கிளப்பியபோது விடிந்தும் விடியாத நேரம். நெடுஞ்சாலையில் தொழிற்சாலை பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நண்பர் டிகம்ப்ரஸரை அழுத்திக்கொண்டு, ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெள்ளத் தள்ளினார். பிறகு ஓங்கி ஒரு மிதி. ஒன்றுமில்லை. இரண்டாவது மிதியில் கிக்கர் திருப்பி உதைத்துக் கணுக்காலைப் பதம் பார்த்தது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக் என்பதை இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, ஏரிக்கரைப் பக்கம் திருப்பினார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து, “பிரேக்காவது பிடிக்குதா?” என்று என்னைக் கேட்டார். அதை நாங்கள் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.