நெல்லி மரத்தடியில் காத்திருந்தவர்கள்



போன மார்கழியில் நம் பிளாக்கிலிருந்து ஒரு வேன் சின்னச் சுருளி அருவிக்குப் போய் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கடமலைக்குண்டு தாண்டி, கோம்பைத்தொழு வழியாகப் போகும் பாதை. "மான் வரும்னு பாறை மேல ஆப்பிளும் வாழைப்பழமும் வச்சுட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம் சார், ஒண்ணும் வரல" என்று லிப்டில் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பேச்சு ஞாபகம் வந்துவிட்டது.

1980களில் அந்தப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தராக இருந்தேன். அடகு நகைக்கு வட்டி கட்ட ஒரு பெரியவர் வருவார். இளவயதில் வருசநாட்டு மலையில் துப்பாக்கி பிடித்தவர். கவுண்டரில் கூட்டம் குறையும்வரை பெஞ்சில் உட்கார்ந்து கதை சொல்வார். "மானைத் தேடிப் போகக் கூடாது சார். நெல்லி உதிர்ற மரத்தைத் தேடிப் போகணும். மானு தானா வரும்" என்பார். கார்த்திகை முதல் தை வரை நெல்லியும் தான்றியும், வெயில் ஏறினால் கொன்றைக் காயும் இலுப்பைப் பூவும், ஆனி ஆடியில் நாவல் என்று மனதுக்குள் ஒரு காலண்டரே வைத்திருந்தார்.

அவர் சொன்னது சரிதான். புல் காய்ந்த மாதங்களில் உதிர்ந்த பழமும் பூவும்தான் மானுக்குக் கைகொடுக்கின்றன. மரத்தின் மேல் மந்தி தின்று சிந்துவதைக் கீழே புள்ளிமான் பொறுக்கும். நெல்லியை முழுதாக விழுங்கி, பிறகு எங்கோ படுத்து அசைபோடும்போது கொட்டையை மட்டும் துப்பிவிடும். அப்படித் துப்பிய இடத்தில் புது நெல்லிக் கன்று முளைக்கும். கொடுக்கல் வாங்கல் கணக்கு நேராகிவிடுகிறது!

இனி சட்டத்துக்கு வருகிறேன். நம் மாகாணத்தில் வேட்டைக்கு வரம்பு போட்ட பழைய சட்டங்களில் ஒன்று 1879-ல் நீலகிரிக்காக வந்தது. 1882-ன் சென்னை வனச் சட்டம், காப்புக் காடுகளில் விதிகளை மீறி வேட்டையாடுவதையும் கண்ணி வைப்பதையும் குற்றமாக்கியது. இவற்றை வேகமாகக் கடந்து 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் போகலாம். அப்போது உரிமம் பெற்று வேட்டையாட இன்னும் இடம் இருந்தது. ஆனால் 17-ஆம் பிரிவு "இப்படியெல்லாம் செய்யக் கூடாது" என்று ஒரு நீண்ட பட்டியல் போட்டது. வண்டியிலிருந்து சுடக் கூடாது, வலை, குழி, விஷம், வெடி கூடாது, சூரியன் மறைந்த பின் கூடாது. விலங்கு உப்பு நக்க வரும் இடத்திலும், நீர் குடிக்கும் இடத்திலும், அங்கே போகும் தடத்திலும் கூடாது.

கவனித்தீர்களா? உப்பு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பழ மரம் இல்லை. தாகத்தோடு வரும் விலங்கைச் சுடுவது முறையல்ல என்று உணர்ந்தவர்களுக்குப் பசியோடு வருவது தோன்றவில்லை. "தண்ணிக்கிட்ட உக்காந்தாத்தான தப்பு? நெல்லிக்கிட்ட உக்காந்தா யாரு கேக்கப் போறா?" என்று பெரியவர் சிரித்தது இதைத்தான். வங்கிச் சுற்றறிக்கையில் இப்படி ஓட்டை இருந்தால் அடுத்த மாதமே திருத்தம் வந்துவிடும். இங்கே அதற்கு வருடங்கள் ஆயின. 1991 திருத்தம் உரிம வேட்டையையே முடித்துவைத்தது; அந்தப் பட்டியலும் அதோடு போனது. இரை வைத்து வரவழைப்பதை வேட்டை என்ற சொல்லின் பொருளுக்குள்ளேயே வெளிப்படையாகச் சேர்த்தது 2002 திருத்தம்.

அமெரிக்காவில் மான் வேட்டை இன்றும் அனுமதியோடு நடக்கிறது. அங்கே பல மாநிலங்களில், மரத்திலிருந்து தானாக உதிர்ந்த ஆப்பிள் இரையாகாது. அதையே கூடையில் கொண்டுவந்து கொட்டினால் இரை. மிச்சிகனில் கீழ்த் தீபகற்பம் முழுவதும் 2019 முதல் அப்படிக் கொட்டுவதற்குத் தடை. ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைப்பதால் நோய் பரவுகிறது என்பதே காரணம்.

நம் பக்கத்து இரை இன்னும் கொடியது. பழத்துக்குள்ளும் தீனிக்குள்ளும் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காய். காட்டுப்பன்றிக்கு என்று வைப்பார்கள், கடிப்பது எதுவாகவும் இருக்கலாம். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானை ஒன்று வாய் சிதைந்து ஆற்று நீரில் நின்றபடியே இறந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள்.

வருசநாட்டு மலை 2021 பிப்ரவரியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. புலி இருக்க வேண்டுமானால் மான் வேண்டும், மானுக்கு நெல்லி வேண்டும். சிறுவனப் பொருள் சேகரிக்கும் உரிமையை 2006-ன் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்பவர்களுக்குத் தந்திருக்கிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கிளையை முறித்து ஒரே நாளில் மரத்தைக் காலி செய்வதைத்தான் சொல்கிறேன்.

படம் எடுக்கப் பாறை மேல் பழம் வைத்தது வேட்டையில் சேருமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். அடுத்த பயணத்துக்குச் சாமான் பட்டியல் போடுபவர்கள், பழம் வேனில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். தோலையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

மாற்றலாகிப் போகும்போது அந்தப் பெரியவரிடம், உங்கள் நெல்லி மரம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "எதுக்கு சார், அதுக இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு" என்றார். கடைசிவரை சொல்லவில்லை.