தடைக்காலத்துப் பட்டறைகள்

வன்னிப் போரின் வரலாற்றை எழுதியோர் ஆயுதங்களைப் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். 1990 முதல் 2002 வரை நீடித்த பொருளாதாரத் தடைக்காலத்தில் மக்களின் அன்றாட வாழ்வைத் தாங்கிய பட்டறைகளைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே.

எரிபொருளும் இரும்பும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்டிருந்தன. 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரைப் படையினர் கைப்பற்றியதும் மல்லாவியும் புதுக்குடியிருப்பும் சந்தை நகரங்களாயின. நீரிறைக்கும் இயந்திரத்தின் அச்சுத் தேய்ந்தால் புதியது வாங்க வழியில்லை. தேய்ந்த இடத்தில் வெல்டிங் மூலம் உலோகம் ஏற்றி, ஆறியபின் கடைசல் இயந்திரத்தில் பூட்டிப் பழைய அளவுக்குக் கடைந்தனர். அந்த அச்சை நம்பியே தோட்டங்கள் விளைந்தன.

அத்தகைய பட்டறையொன்றில் நான் கண்ட காட்சி இன்றும் நினைவிலுள்ளது. பன்றிக் காவலுக்கான இடியன் துவக்கின் வெடித்த குழலுடன் விவசாயி ஒருவர் வந்தார்.

“அண்ணை, இதையும் ஒட்டிக் கடைஞ்சு தாங்கோ.”

“ஒட்டலாம், வழுவழுப்பாவும் ஆக்கலாம். ஆனா வெடிக்கிறது உங்கட முகத்துக்குப் பக்கத்திலை எல்லோ?”

பட்டறைக்காரர் கடைசிவரை இசையவில்லை. அவர் கூறியது சரியே. ஒட்டும்போது எழும் வெப்பம் அயலிலுள்ள உருக்கின் உறுதியைக் குலைக்கக்கூடும். கடைந்து மினுக்கியபின் அக்குறை கண்ணுக்குப் புலப்படாது. அச்சு முறிந்தால் இயந்திரம் நிற்கும். வெடிமருந்தின் அழுத்தத்தில் குழல் பிளந்தால் கையோ கண்ணோ போய்விடும்.

அன்று பணம் வேண்டாமென்று குழலைத் திருப்பிக் கொடுத்த அவரைப் போன்றோருக்கும் வன்னியின் வரலாற்றில் ஒரு பக்கம் உண்டு.